நிலச்சரிவு வரைபடத்தில் மலைப்பாதையே தெரியவில்லை என்றால் எப்படி?

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் முடிகிற நம்ம ரோடு கொச்சியில் கிளம்பி, மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை என்று இறங்கித்தான் இங்கே வருகிறது. பழைய 49-ஆம் எண்ணை எடுத்துவிட்டு 85, 87 என்று பிரித்துவிட்டார்கள். ஆனாலும் எல்லாருக்கும் அது கொச்சி - தனுஷ்கோடி சாலைதான். மலையில் மண் சரிந்தால் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்காரனுக்கு என்ன என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மீன் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரியில் மலை ஏறுகிறவர்களில் நம்ம பையன்களும் உண்டு.

இதே சாலையில் மூணாறு கேப் ரோட்டில், அகலப்படுத்துவதற்காக மலையை வெட்டிய பகுதியில், 2019-லும் 2020-லும் பாறையும் மண்ணும் பெரிய அளவில் இறங்கின. வெட்டிய பகுதி என்பதைக் கவனியுங்கள், நான் சொல்ல வருவதே அதைப் பற்றித்தான்.

எங்கே மண் சரியும் என்று காட்டும் வரைபடமே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014 முதல் மலைப்பகுதிகளுக்கு நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் தயாரித்தது. 1998 முதல் 2022 வரை நடந்த சுமார் 80,000 நிலச்சரிவுகளைக் குறித்து இஸ்ரோ 2023-இல் ஒரு அட்லஸே வெளியிட்டது. மலைச்சாய்வின் கோணம், பாறை, மண், ஓடை, மரப்போர்வை என்று ஒவ்வொன்றையும் ஒரு அடுக்காகக் கணினியில் ஏற்றி, ஏற்கெனவே சரிந்த இடங்களோடு ஒப்பிட்டு, மண் சரிவதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போடுகிறார்கள். நல்ல வேலை, எனக்கு அதில் மரியாதை உண்டு.

ஆனால் அந்தப் புவியியல் துறை வரைபடத்தின் அளவு 1:50,000. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். இலவசமாகக் கிடைக்கிற செயற்கைக்கோள் உயரத் தரவோ பெரும்பாலும் 30 மீட்டர் கட்டங்களாக, ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம் என்று இருக்கிறது. பத்து மீட்டர் அகலச் சாலையும், அதற்காகச் செங்குத்தாக வெட்டிய மண்சுவரும் அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும். மலையின் அடியை அறுத்த இடத்தில்தான் மேலே உள்ள மண் பிடிமானம் இழந்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியதும் கீழே வருகிறது, அந்த இடமே படத்தில் இல்லையென்றால் அதை வைத்துச் சாலைக்கு ஆபத்தைக் கணக்கிட முடியுமா? மலை முழுக்க எது ஆபத்து என்பது வேறு கேள்வி, சாலையில் எந்த வளைவு ஆபத்து என்பது வேறு கேள்வி.

சரி, நம்ம பக்கமும் இதே கதைதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது, 2017-இல்தான் அரிச்சல்முனை வரை மறுபடி தார் ரோடு வந்தது. அந்த மணல் திட்டில் அரை மீட்டர் உயர வித்தியாசம்கூட முக்கியம், செயற்கைக்கோள் உயரத்திலோ பிழையே பல மீட்டர் வரை போகும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, தண்ணீர் எங்கே தேங்கியது, எங்கே வடிந்தது என்பது தெருக்காரர்களுக்குத் தெரியும். வாடைக் காலத்தில் அலை எந்த இடத்தில் ரோட்டில் ஏறும் என்பது கரைவலை இழுப்பவர்களுக்குத் தெரியும்.

மலையில் எந்த இடம் சரியும் என்பது மண் அள்ளுகிற பொக்லைன் ஓட்டுநருக்கும் சாலைப் பணியாளருக்கும் தெரியும். ஒவ்வொரு முறை மண்ணை அள்ளும்போதும் தேதியோடும் இடக்குறிப்போடும் செல்போனில் ஒரு படம் எடுத்து ஒரே இடத்தில் சேர்த்தால் போதும், கணக்குப் போடுபவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அப்புறம் வெட்டிய சுவர்களை மட்டும் ட்ரோன் வைத்து அளக்கலாம், முழு மலையையும் அளக்க வேண்டியதில்லை. அப்படி வருகிற வரைபடத்தைக் கிலோமீட்டர் கல் வாரியாகப் பிரித்து, மலைக்கு ஜூன் மழைக்கு முன்பும் நமக்கு அக்டோபருக்கு முன்பும், லாரி ஓட்டுகிறவர் செல்போனில் பார்க்கிற மாதிரி தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடுங்கள்.