லைட் எரிவதை வைத்து மோட்டாரைப் பழி சொல்லாதீர்கள்

கம்ப்யூட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று கேட்டவருக்கு, "லைட் எரியுது, ஃபேன் சுத்தல. அப்போ கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. பெரும்பாலான ஏஆர்ஜிபி (கலர் கலராக லைட் எரியும்) ஃபேன்களில் லைட்டுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி ஒயர். லைட்டுக்கு 5 வோல்ட், மோட்டாருக்கு 12 வோல்ட். மோட்டார் ஒயரைச் செருகவே மறந்திருந்தாலும் லைட் ஜம்மென்று எரியும்.

அதனால் முதலில் அந்த ஒயர் மதர்போர்டின் ஃபேன் ஹெடரில் (ஃபேன் ஒயரைச் செருகும் பின்கள்) சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹப் (பல ஃபேன்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வழியாகப் போகிறது என்றால், பவர் சப்ளையிலிருந்து ஹப்புக்கு வரும் சாட்டா பவர் கேபிளையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கக்கூடிய மதர்போர்டு செட்டிங்ஸ். பலர் ஏமாறுவது இங்கேதான். சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை முழுசாக நிறுத்திவைக்கும் வசதி நிறைய போர்டுகளில் உண்டு. அது பழுதே இல்லை. மோட்டார் பிளக்கில் மூன்றே துளை உள்ள 3 பின் ஃபேன் என்றால் இன்னொரு சிக்கல்: வோல்டேஜைக் குறைத்துத்தான் அதை மெதுவாக்க முடியும், ரொம்பக் குறைத்தால் கிளம்பவே கிளம்பாது. பயாஸில் டிசி மோடு (வோல்டேஜை வைத்து வேகத்தை மாற்றும் முறை), முழு வேகம் என்று மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லையா? வேறு ஹெடரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் சுற்றாவிட்டால் சரி, கடைக்குப் போகலாம்.