கடைக்கு வரும் முன்பே போவது

உணவு வீணாவதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை முழுக்க வீட்டில் மிஞ்சும் சாப்பாட்டைப் பற்றியே இருக்கிறது. சரி, அதுவும் தேவைதான், ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகம் முழுக்க வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில்தான். ஆனால் அந்தக் கணக்கே கடையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அறுவடைக்கும் கடைக்கும் நடுவே உலகின் உணவில் சுமார் 13 சதவீதம் தனியாக வீணாகப் போகிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பறித்த பிறகும் காய்கறி சுவாசித்துக்கொண்டுதான் இருக்கும், வெயிலில் ஏறிய சூடு உள்ளேயே தங்கினால் அந்தச் சுவாசம் வேகமாகி, வெளியே பளபளவென்று இருக்கும்போதே ஆயுள் குறைய ஆரம்பித்துவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல குளிர்சாதன லாரியில் ஏற்றினாலும் போன நாட்கள் திரும்ப வராது. பறித்தவுடன் நிழல், சீக்கிரம் குளிர்விப்பது, மூட்டைக்குப் பதில் காற்றோட்டமுள்ள கிரேட், இவ்வளவுதான் கேட்கிறோம். (பழுக்கும் பழத்தையும் கீரையையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள், பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு பட்டால் கீரை மஞ்சளாகிவிடும்.) தானியத்துக்கு நன்றாகக் காய வைப்பதே பாதி வேலை.

எனக்குக் கோபம் வருவது, இந்தச் செலவெல்லாம் விவசாயி தலையில் விழுவதுதான். பெரிய நிறுவனங்கள் கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்தால் விளைந்தது வயலிலேயே அழுகும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல், சீக்கிரம் கெடும் பொருட்களுக்கான ஆர்டரை 30 நாட்களுக்கும் குறைவான அவகாசத்தில் ரத்து செய்யக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. மற்ற நாடுகளும் இதைச் செய்யலாமே, அடுத்த கட்டுரையில் இதை எழுதுங்கள்.