மாப்பி – 17 பேர்

(பை நிறைய ஜாதகம், கையில் ஒரு கேபிள். கல்யாணத் தரகர் சொக்கலிங்கம் ஜெராக்ஸ் கடைப் படியேறுகிறார். கம்ப்யூட்டர் முன்னால் வாணி.)

சொக்கலிங்கம்: இந்தாம்மா வாணி, இந்தப் போனைச் சொருகி உள்ள இருக்கற நம்பர் அம்புட்டையும் தாள்ல அடிச்சுக் குடு. வைகாசி முகூர்த்தம் நெருங்குது. போன் செத்துச்சுன்னா என் தொழிலும் சேந்து போயிரும்.

வாணி: கேபிள்ல நம்பர் வராது பெரியப்பா.

சொக்கலிங்கம்: ஏன் வராது? நேத்து என் மச்சான் பையன் இதே கேபிள்லதான் பொண்ணு போட்டோவெல்லாம் இறக்குனான்.

வாணி: போட்டோ ஒவ்வொண்ணும் தனித்தனி ஃபைலு, கேபிள்ல தெரியும். நம்பரெல்லாம் போனுக்குள்ள ஒரே டேட்டாபேஸா இருக்கு. அந்த ஃபோல்டரை ஆண்ட்ராய்டு வெளிய காட்டாது. கூகுள் அக்கவுண்ட் வழியாத்தான் வரணும். ஐடி, பாஸ்வேர்டு இருக்கா?

சொக்கலிங்கம்: பஞ்சாங்கத்து பின் அட்டையில எழுதி வெச்சிருக்கேன்.

வாணி: பத்திரமான எடம்தான்! குடுங்க... உள்ள போயாச்சு. இங்க 43 பேர்தான் இருக்காங்க.

சொக்கலிங்கம்: 43-ஆ? போன்ல 612 காட்டுதும்மா! மிச்சப் பேரு என்ன ஓடியா போயிட்டாங்க?

வாணி: ஓடல. வேற வேற வீட்டுல இருக்காங்க. போன்ல பாக்கறப்ப எல்லாம் ஒரே லிஸ்ட்டாத் தெரியும், சேவ் ஆன எடம் வேற. சிம்மு ஒண்ணு, போனு ஒண்ணு, கூகுள் அக்கவுண்ட் ஒண்ணு. இதுல கூகுள்ல சேவ் ஆனது மட்டும்தான் கம்ப்யூட்டருக்கு வரும். கான்டாக்ட்ஸ் ஆப்பைத் திறந்து, மேல வலது மூலையில இருக்கற வட்டத்தைத் தொடுங்க. என்னென்ன தெரியுது?

சொக்கலிங்கம்: ரெண்டு மெயில் ஐடி, கீழ போனு, அதுக்குக் கீழ சிம்மு.

வாணி: ரெண்டாவது ஐடி யாருது?

சொக்கலிங்கம்: போன் வாங்குனப்ப கடைப் பையன் எதையோ தட்டினான். பாஸ்வேர்டு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாணி: அதுல 120 பேர். போன்ல 231. சிம்முல 218. இங்க 43. கூட்டிப் பாருங்க.

சொக்கலிங்கம்: 612! தலை தப்புச்சுடா சாமி. மச்சான் பையன் இதுக்கு வேற வைத்தியம் சொன்னான். செட்டிங்ஸ்ல போயி, கான்டாக்ட்ஸ் ஸ்டோரேஜ்ல டேட்டாவை கிளியர் பண்ணுனா தானா சரியாயிருமாம்.

வாணி: அந்தப் பக்கமே போயிராதீங்க! கூகுள்ல ஏறுனவங்க மறுபடி இறங்கிருவாங்க. போன்ல மட்டும் இருக்கற 231 பேருக்கு வேற எங்கயும் பிரதி கிடையாது. அதோட காலி.

சொக்கலிங்கம்: அதுல தேனி பார்ட்டி இருக்கு! 30 பவுன் பேசி முடிச்ச எடம்மா அது!

வாணி: அதனாலதான், எதையும் நகத்துறதுக்கு முன்னாடி ஒரு பிரதி. ஆப்புல ஆர்கனைஸ், அதுல எக்ஸ்போர்ட் டு ஃபைல். அக்கவுண்ட் ஒவ்வொண்ணா எடுத்து டவுன்லோட்ஸ்ல போடுறேன். வரது விசிஎஃப் ஃபைலு, பேரும் நம்பரும் சேந்து இருக்கற ஃபைலு. இதை உங்க கேபிள்லயே இழுத்துரலாம். கேபிளுக்கும் வேலை வந்துருச்சு பாருங்க.

சொக்கலிங்கம்: திற, திற. பாப்போம்... என்னம்மா இது? சமக்குறி, ஈ, சைபர், சமக்குறி, ஏ, ஈ... பேரு எங்க? மொய்க்கிறது பூரா ஈயா இருக்கு.

வாணி: இதுதான் பேரு. பழைய வகை விசிஎஃப் தமிழை இப்படித்தான் எழுதி வெக்கும். கூகுள்ல ஏத்துனா ஒழுங்காத் தமிழா வரும். நோட்பேட்ல திறந்து கையால திருத்துனாத்தான் கெட்டுப்போகும். மூடிரலாம். அடுத்து சிங்க், அதாவது போன்ல இருக்கறதும் கூகுள்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கற மாதிரி பாத்துக்கற வேலை. உங்க 43 பேரும் மாசிக்கு முன்னாடி சேத்தவங்களாவே இருக்காங்களே?

சொக்கலிங்கம்: மாசியிலதான் பேட்டரி நிக்கலைன்னு பேட்டரி சேவரைப் போட்டேன்.

வாணி: அது போட்டிருந்தா பின்னாடி நடக்கற வேலையெல்லாம் மட்டுப்படும். அணைங்க. செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ்... உங்க ஐடி... அக்கவுண்ட் சிங்க்... பாருங்க, கான்டாக்ட்ஸ் பட்டனே அணைஞ்சு கெடக்கு.

சொக்கலிங்கம்: நான் தொடவே இல்ல!

வாணி: மச்சான் பையன் தொட்டிருப்பான். போட்டாச்சு. மேல மூணு புள்ளி, சிங்க் நவ். போன்ல தேதி தப்பா இருந்தாலும் இது நின்னுபோகும். உங்களுது சரியா இருக்கு. இப்ப கடைப் பையன் அக்கவுண்ட். அந்த 120 பேரையும் செலக்ட் பண்ணி, வேற அக்கவுண்ட்டுக்கு மாத்துன்னு குடுத்தாப் போதும். போன்ல அது லாகின்லயேதான் இருக்கு, பாஸ்வேர்டு தேவையில்ல. ஆனா பாஸ்வேர்டு தெரியாத அக்கவுண்ட்டை அவசரப்பட்டு போன்லேருந்து எடுத்துராதீங்க. அதுல இருக்கறவங்களும் கூடவே போயிருவாங்க.

சொக்கலிங்கம்: அந்த 231?

வாணி: ஆப் செட்டிங்ஸ்ல, டிவைஸ் கான்டாக்ட்ஸையும் சேத்து சிங்க் பண்ணுன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டாச்சு, தானா ஏறும். சிம்முக்கு ஆர்கனைஸ்ல இம்போர்ட் ஃப்ரம் சிம். எந்த அக்கவுண்ட்டுன்னு கேக்கும், அதுல கவனமா இருக்கணும். கண்ணை மூடி ஓகே அடிச்சா மறுபடி போன்லயே போய் உக்காந்துரும்.

சொக்கலிங்கம்: நீ பாட்டுக்கு அடி, நான் கண்ணைத் திறந்துதான் இருக்கேன்... ஏம்மா, இது என்ன மாப்பி, மாப்பி, மாப்பின்னு? இப்படி ஒரு வகையறாவையே எனக்குத் தெரியாதே.

வாணி: நீங்க மாப்பிள்ளை வீடு தேனின்னு போட்டிருப்பீங்க. சிம்முல பேருக்கு எடம் கம்மி. இங்கிலீஷ்ல 14 எழுத்து பிடிக்கிற சிம்முல தமிழ் 6 எழுத்தோட முடிஞ்சிரும். அதுலயும் காலு, புள்ளி, சுழி எல்லாத்தையும் தனித்தனி எழுத்தா எண்ணும். எண்ணுங்க. ம, காலு, ப, புள்ளி, ப, சுழி. ஆறாச்சு, வெட்டிருச்சு.

சொக்கலிங்கம்: பிள்ளையே போயிருச்சே! இதை வெளிய சொல்லிராத தாயி.

வாணி: 17 மாப்பி இருக்கு. அது போக, ஒரு ஆளுக்கு ரெண்டு நம்பர்னா சிம்மு ரெண்டு ஆளாத்தான் வெக்கும். பாருங்க, இந்த 17 பேரையும் ஒண்ணாச் சேக்கவான்னு கூகுள் கேக்குது.

சொக்கலிங்கம்: சேத்து வெக்கறது நல்ல காரியம்தானே. பொருத்தம் பாத்துத்தான் கேக்கும்?

வாணி: எங்க பாக்குது? ஒரே பேரா இருக்கேன்னு கேக்குது. மெர்ஜ் ஆல் அடிச்சா ஒரே மாப்பிள்ளைக்கு 17 நம்பர்.

சொக்கலிங்கம்: 17 இடத்துல அட்வான்ஸ் வாங்கியிருக்கேன். வேணாம்!

வாணி: ஒவ்வொண்ணாப் பாத்து, நம்பர் ஒண்ணா இருக்கறதை மட்டும் சேக்கறேன். கை தவறுனாலும் பயமில்ல. கம்ப்யூட்டர்ல பல்சக்கரத்தை அழுத்துனா அண்டூ சேஞ்சஸ் வரும். 10 நிமிஷம், ஒரு மணி நேரம், நேத்து, ஒரு வாரம், அதிகபட்சம் 30 நாள் முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிரலாம். நடுவுல புதுசா சேத்ததும் சேந்து போயிரும், அது ஒண்ணுதான்.

சொக்கலிங்கம்: கல்யாணத்துக்கு அப்படி ஒரு பட்டன் இருந்தா ஊருல பாதிப் பேரு வரிசையில நிப்பான். சரி, தாள்ல அடி. மச்சான் பையன் எக்ஸெல்ல போட்டுத் தரேன்னு சொன்னான்.

வாணி: கூகுள்லேருந்து எறக்குன சிஎஸ்வி ஃபைலை, அதான் கமா போட்டுப் பிரிச்ச பட்டியலை, டபுள் கிளிக் பண்ணித் திறந்திருப்பாரே?

சொக்கலிங்கம்: ஆமா. தமிழெல்லாம் கொத்தும் கொறையுமா வந்துச்சு. என் சொந்தத் தம்பி நம்பரே 9.19877ஈ+11-ன்னு வந்துச்சு. மறுபடியும் ஈ!

வாணி: பிளஸ் 91 போட்ட நம்பரை எக்ஸெல் ஏதோ கணக்குன்னு நெனச்சுக்கும். 12 இலக்கம் ஆயிட்டா இப்படிச் சுருக்கிரும். அதை அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணுனா கடைசி இலக்கமெல்லாம் சைபர், திரும்ப வராது. டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட் வழியா இழுத்து, ஃபைல் ஆரிஜின்ல 65001, அதாவது யூடிஎஃப்-8, தமிழ் எழுத்து சரியா வர்ற முறை. நம்பர் இருக்கற நெடுவரிசையை டெக்ஸ்ட்டுனு மாத்தி, அப்புறம் லோட்... இந்தா, தமிழ் தமிழா இருக்கு, நம்பர் நம்பரா இருக்கு. இப்படியே கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்துட்டு அடிச்சிரலாம். தேனி பெரிய மாப்பிள்ளை, மொட்டைத்தலை, 35-னு சொல்லணும்... திண்டுக்கல் பொண்ணு, வாய் ஜாஸ்தி... பெரியப்பா, இது எங்க வீட்டு நம்பர்.

சொக்கலிங்கம்: எது?

வாணி: "ஜெராக்ஸ் கடை மூத்த பையன், அப்பன் 50 பவுன் கேக்கறான், பக்கமே போகாதே."

சொக்கலிங்கம்: அது... வந்து... சிங்க் ஆகாம இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு.

வாணி: எங்க அப்பா 50 பவுனா கேட்டாரு? அண்ணனுக்கா?

சொக்கலிங்கம்: இரு, இப்பவே போன்ல அழிச்சிர்றேன். அழிச்சாச்சு!

வாணி: போன்ல அழிச்சா கம்ப்யூட்டர்லயும் போயிரும். அதான் சிங்க். ஆனா டிராஷ்ல 30 நாள் இருக்கும்.

சொக்கலிங்கம்: மொதல்ல என்னைய லாக் அவுட் பண்ணும்மா!

வாணி: பண்ணிட்டேன், எறக்குன ஃபைலையும் அழிச்சிட்டேன். இந்தாங்க பிரிண்ட். ரெண்டு காப்பி போட்டேன், உங்களுக்கு ஒண்ணு.