121 தோல்விகள் யாருடைய கணக்கில்?

2024 செப்டம்பர் 27 அன்று இரவு, டெட்ராய்ட் நகரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 4-1 என்று தோற்றது. அந்த சீசனில் அது அவர்களுடைய 121ஆவது தோல்வி. 1900க்குப் பிந்தைய அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் ஒரே சீசனில் இத்தனை ஆட்டங்களைத் தோற்ற அணி வேறு எதுவும் இல்லை. 1962இல் 120 தோல்விகளைக் கண்ட நியூயார்க் மெட்ஸ் அணி 62 ஆண்டுகள் சுமந்துவந்த அவப்பெயர் அன்று சிகாகோவுக்குக் கைமாறியது. எஞ்சிய இரண்டு ஆட்டங்களையும் வென்று 41 வெற்றி, 121 தோல்வி என்று சீசனை முடித்தார்கள். எடுத்த ரன்கள் 507, கொடுத்த ரன்கள் 813.

அப்போதிருந்தே இந்த அணி ஒரு கேலிப்பொருளாகிவிட்டது. கேலி செய்பவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களையும், நடுவில் நீக்கப்பட்ட மேனேஜர் (களத்தில் அணியை வழிநடத்தும் பயிற்சியாளர்) பெட்ரோ கிரிஃபோலையும்தான் குறிவைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தத் தோல்விகள் மைதானத்தில் நிகழ்ந்தவை என்றாலும், அவை தயாரான இடம் உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃபின் அலுவலகம். கணக்கு எழுதுவதென்றால் அவர் பெயரில்தான் எழுத வேண்டும்.

ஆட்டம் மோசமாக இருந்ததை நான் மறுக்கவில்லை. முதல் 25 ஆட்டங்களில் 3 வெற்றிகள் மட்டுமே. மே மாத இறுதியில் தொடங்கி ஜூன் வரை தொடர்ந்து 14 தோல்விகள். ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்விகள். 1988இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் படைத்த அமெரிக்கன் லீக் (பேஸ்பாலின் இரு லீகுகளில் ஒன்று) சாதனைக்குச் சமமானது அது. ஆகஸ்ட் 6 அன்று ஓக்லண்டில் ஒருவழியாக வென்றார்கள். இரண்டு நாள் கழித்து கிரிஃபோல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் பொறுப்பில் 28 வெற்றி, 89 தோல்வி. அடுத்து வந்த கிரேடி சைஸ்மோர் பொறுப்பில் 13-32. ஆளை மாற்றியும் கதை பெரிதாக மாறவில்லை என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

நேரம் கெட்டால் விதிப்புத்தகமும் எதிரியாகும் என்பதற்கு மே 23 ஆட்டம் ஒன்று போதும். சொந்த மைதானத்தில் ஓரியோல்ஸ் அணிக்கு எதிராக 8-2 என்று பின்தங்கியிருந்தவர்கள், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் 8-6 வரை நெருங்கினார்கள். ஒருவர் மட்டும் அவுட். முதல் இரண்டு பேஸ்களிலும் ஆட்கள். பேட்டர் ஆண்ட்ரூ பெனின்டெண்டி அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) பக்கம் உயரமாக எழும்பியது. பேஸ்களில் இப்படி ஆட்கள் இருக்கும்போது, தடுப்பாளர் வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டு இருவரை அவுட்டாக்கும் தந்திரத்தைத் தடுப்பதற்காக, பந்து பிடிபடுவதற்கு முன்பே பேட்டரை அவுட் என்று அறிவிக்கும் விதி ஒன்று உண்டு. அந்த விதிப்படி பெனின்டெண்டி அவுட். அதே நொடியில், இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், ஷார்ட்ஸ்டாப்பின் வழியில் குறுக்கிட்டார் என்று அம்பயர் அவரையும் அவுட்டாக்கினார். இத்தனைக்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எந்தச் சிரமமுமின்றிப் பிடித்திருந்தார். மூன்று அவுட் ஆகிவிட்டதால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்தத் தீர்ப்பு அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதுபோன்ற நான்கைந்து தீர்ப்புகள் சாதகமாகியிருந்தாலும் 115 தோல்விகளுக்குக் குறைந்திருக்காது என்பதால், துரதிர்ஷ்டத்தின் மீது பழி போடவும் முடியாது.

சரி, காரணம் என்ன? 'அணியைப் புதிதாகக் கட்டுகிறார்கள், கொஞ்ச காலம் அடிவாங்கத்தான் வேண்டும்' என்பது வழக்கமான பதில். சிக்கல் என்னவென்றால், இந்த அணி ஏற்கெனவே ஒருமுறை இடித்துக் கட்டப்பட்டது. 2016 டிசம்பரில் நட்சத்திர பிட்சர் (பந்து வீசுபவர்) கிறிஸ் சேலை வேறு அணிக்குக் கொடுத்துத் தொடங்கிய அந்த வேலை, 2021இல் 93 வெற்றிகளையும் தங்கள் பிரிவில் முதலிடத்தையும் தந்தது. ஆனால் பலன் கைக்கு வரத் தொடங்கிய 2020 இறுதியிலேயே உரிமையாளர் தலையிட்டார். அந்த ஆண்டு அணியை பிளேஆஃபுக்கு (சீசன் முடிவில் முன்னணி அணிகள் மோதும் சுற்று) கொண்டுசென்ற மேனேஜர் ரிக் ரென்டெரியாவை அனுப்பிவிட்டு, 2011க்குப் பிறகு எந்த அணியையும் நடத்தியிராத, அப்போது 76 வயதான டோனி லா ரூசாவை அழைத்துவந்தார்கள். 1986இல் லா ரூசா இதே அணியிலிருந்து நீக்கப்பட்டது ரைன்ஸ்டார்ஃபின் நெஞ்சில் நீண்ட காலமாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம் என்பது சிகாகோவில் எல்லாரும் அறிந்தது. தன் மன உறுத்தலைத் தீர்த்துக்கொள்ள ஓர் ஊரின் அணியைப் பயன்படுத்துவது உரிமையாளருக்குச் சட்டப்படி உள்ள உரிமையாக இருக்கலாம். பொறுப்பான செயல் என்று சொல்ல மாட்டேன். 2022இல் 81-81, 2023இல் 61-101, அடுத்து 121.

2023 ஆகஸ்டில் அணி நிர்வாகத்தை நடத்திவந்த கென்னி வில்லியம்ஸையும் ரிக் ஹானையும் நீக்கியபோது, வெளியிலிருந்து ஆள் தேடினால் அவர் நிலைமையைப் புரிந்துகொள்ளவே ஓராண்டு ஆகும் என்று சொல்லி, உள்ளுக்குள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை ரைன்ஸ்டார்ஃப் ஜெனரல் மேனேஜர் (ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது, மாற்றுவது இவர் பொறுப்பு) ஆக்கினார். அப்படி மிச்சப்படுத்திய அந்த ஓராண்டில்தான் 121 தோல்விகள் வந்தன. சீசன் தொடங்குவதற்கு முன்பே பிட்சர் டிலன் சீஸ் சான் டியேகோ அணிக்குப் போனார். ஜூலையில் எரிக் ஃபெடி, டாமி ஃபாம், மைக்கேல் கோபெக் மூவரும் வேறு அணிகளுக்குக் கைமாற்றப்பட்டார்கள். கோபெக் அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுடன் கோப்பையைத் தூக்கினார்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சிகாகோ அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம். 1981இல் ரைன்ஸ்டார்ஃபின் குழு ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு வாங்கிய இந்த அணியின் மதிப்பு 2025இல் ஏறத்தாழ 200 கோடி டாலர். அப்படியிருந்தும் அந்த சீசன்வரை இந்த அணி ஒரு ஆட்டக்காரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம், பெனின்டெண்டிக்கான ஐந்தாண்டு, 7.5 கோடி டாலர்தான். பக்கத்தில் கான்சஸ் சிட்டி ராயல்ஸைப் பாருங்கள். சிறிய ஊர், அதே பிரிவு, 2023இல் ஒயிட் சாக்ஸைவிட மோசமாக 106 தோல்விகள். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் சேத் லூகோ, மைக்கேல் வாக்கா என்ற இரண்டு பிட்சர்களை விலைகொடுத்து வாங்கி, பாபி விட் ஜூனியருடன் 28.8 கோடி டாலருக்கு நீண்ட ஒப்பந்தம் போட்டார்கள். 2024இல் 86 ஆட்டங்களை வென்று பிளேஆஃபுக்குப் போனார்கள். அவர்களோடு மோதிய 13 ஆட்டங்களில் ஒயிட் சாக்ஸ் வென்றது ஒன்றே ஒன்று. வேடிக்கை என்னவென்றால், கெட்ஸும் கிரிஃபோலும் முன்பு ராயல்ஸ் அமைப்பில் வேலை பார்த்தவர்கள்.

இதனால்தான் 1962 மெட்ஸோடு இந்த அணியை ஒப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அது அவர்களுக்கு முதல் ஆண்டு. மற்ற அணிகள் வேண்டாமென்று கழித்துவிட்டவர்களைக் கொண்டு ஆடினார்கள். ஏழே ஆண்டுகளில், 1969இல் வேர்ல்ட் சீரிஸை (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) வென்றார்கள். பொருத்தமான ஒப்பீடு வேண்டுமென்றால் 1899இன் கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸுக்குப் போக வேண்டும். அதன் உரிமையாளர்களான ராபிசன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, சை யங் உள்ளிட்ட நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அங்கே மாற்றிவிட்டார்கள். கிளீவ்லண்ட் 20 வெற்றி, 134 தோல்வியோடு அந்த ஆண்டே மூடுவிழா கண்டது. அங்கே அணியைத் தோற்கடித்தது எதிரணிகள் அல்ல என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகமே இல்லை.

இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசியில் வரும் அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். உரிமையாளரின் பணப்பையில் அடி விழும். அமெரிக்காவில் அப்படி எதுவும் கிடையாது. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க, இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாருக்கு முதல் வாய்ப்பு என்பதற்குக் குலுக்கல் முறை வந்திருக்கிறது. பெரிய நகர அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தக் குலுக்கலில் இடம்பெற முடியாது என்ற விதியால், வரலாற்றிலேயே மோசமாகத் தோற்ற இந்த அணி 2025இல் பத்தாவதாகத்தான் இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. விதி சரியானதுதான். ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்தது உரிமையாளருக்கு அல்ல, இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய ரசிகர்களுக்கு.

ரைன்ஸ்டார்ஃப் ஒன்றுமே செய்யாதவர் என்று சொன்னால் அது பொய்யாகும். 88 ஆண்டுகளுக்குப் பிறகு 2005இல் ஒயிட் சாக்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வென்றதும், கூடைப்பந்தில் அவருடைய சிகாகோ புல்ஸ் அணி ஆறு முறை கோப்பை வென்றதும் அவர் காலத்தில்தான். அதே மனிதர்தான் 1988இல் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டி, அரசுப் பணத்தில் மைதானம் கட்டவைத்தார். 121 தோல்விகள் கண்ட அதே 2024இல் இன்னொரு புதிய மைதானத்துக்கு மீண்டும் அரசு நிதியைக் கேட்டார்.

2024 சீசனில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிரான கடைசி உள்ளூர் ஆட்டங்களின்போது, 'அணியை விற்றுவிடு' என்று ரசிகர்கள் கோஷம் போட்டார்கள். 120 தோல்விகளைப் பார்த்த பிறகும் ஆட்டக்காரர்களைக் குறைசொல்லாமல், சொல்ல வேண்டிய ஆளை நோக்கிச் சொன்ன அந்தக் கூட்டத்தின் தெளிவு, விளையாட்டுப் பக்கங்களில் எழுதிய பலரிடம் இல்லை. 2025இல் அணி 102 ஆட்டங்களைத் தோற்றதை முன்னேற்றம் என்று கொண்டாடியவர்களும் உண்டு. அந்த ஜூன் மாதம் ஜஸ்டின் இஷ்பியா என்ற முதலீட்டாளருடன் ரைன்ஸ்டார்ஃப் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி கட்டுப்பாடு கைமாற வழி திறப்பதே 2029இல்தான். 2033 வரை விற்பதா வேண்டாமா என்பதும் அவர் விருப்பம்தான்.