மனை இல்லாதவருக்கு வீட்டுத் திட்டம் எட்டாது

திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாவட்டங்களில் இன்றும் கூரை வீட்டில் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அரசின் வீட்டுத் திட்டங்கள் கைக்கு எட்டாமல் போவதற்கு முதன்மையான காரணம், அவர்கள் குடியிருக்கும் மண் அவர்கள் பெயரில் இல்லை என்பதுதான். 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தபோது, 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள். வீடு 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். நல்ல திட்டம், மனமார வரவேற்கிறேன். ஆனால் மனு எழுதும் இடத்திலேயே பட்டா இருக்கிறதா என்ற கேள்வி வந்துவிடுகிறது. வாய்க்கால் கரையிலும், சாலையோரப் புறம்போக்கிலும், கோயிலுக்கு வாடகை கட்டும் அடிமனையிலும் இருப்பவர் அந்தக் கேள்வியோடு திரும்பிவிட வேண்டியதுதான்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வாய்க்கால் கரைத் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் கீற்றையும் மூங்கிலையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, குழுக் கடன் வாங்கித் தகரம் போட்டிருக்கிறார். அடுத்த காற்றுக்குத் தகரம் பறந்துவிடாமல் இருக்க, மேலே பழைய டயர்களையும் உடைந்த செங்கற்களையும் வரிசையாக அடுக்கியிருக்கிறார். உத்தரத்தில் செருகி வைத்திருந்த பாலித்தீன் பையை எடுத்து, அதிலிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பிக் காட்டினார். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, மின்கட்டண அட்டை, வீட்டு வரி ரசீது. எல்லாவற்றிலும் அதே தெரு, அதே கதவு எண். அவர் அங்கேதான் வாழ்கிறார் என்பதை அரசு ஐந்து தாள்களில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆறாவது தாள் ஒன்றில்தான் மறுக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, வாய்க்கால் செத்தால் ஊரே செத்துவிடும். ஆனால் கரையை விட்டு எழுந்து போகிறவருக்கு, அவர் நாற்று நடப் போகும் வயலுக்கும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு மனையைக் காட்டிவிட்டல்லவா எழுப்ப வேண்டும்?

இது நேற்று முளைத்த சிக்கல் அன்று. பண்ணையாளின் குடிசை பண்ணையாரின் மண்ணில்தான் இருந்தது. கூலியை உயர்த்திக் கேட்டால் வேலையோடு குடிசையும் போய்விடும் என்ற அச்சம் இந்த மண்ணில் தலைமுறைகளாக இருந்தது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961-இல் ஒரு சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வுக்காகப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிறகு 1971-இல், பிறர் மண்ணில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்தக் குடியிருப்பு மனையையே உரிமையாக்கும் சட்டம் நிறைவேறியது. டெல்டாவில் ஏழைகளின் வீட்டுக்காக எந்த அரசும் செய்தவற்றில் இதையே ஆகப் பெரிய செயலாக நான் கருதுகிறேன். அந்தச் சட்டம் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஆனால் எவரும் எழுப்பிவிட முடியாத மண்ணில் படுத்து உறங்கும் துணிவைக் கொடுத்தது. அன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மனையில் இன்று மகன், பேரன் என்று மூன்று அடுப்புகள் எரிகின்றன. இடம் போதாமல் வெளியே வந்தவர்கள்தான் மறுபடியும் கரைக்கும் புறம்போக்குக்கும் போயிருக்கிறார்கள்.

அரசு மட்டும் தனியாக இதைத் தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை, தொண்டு நிறுவனங்கள் மட்டும் தீர்த்துவிடும் என்றும் நம்பவில்லை. இரண்டும் ஊர்மக்களோடு சேர்ந்த இடங்களில் காரியம் நடந்திருக்கிறது. அதற்கு நம் கண்முன்னே சான்றுகள் உள்ளன. வெண்மணிக்குப் பிறகு இப்பகுதிக்கு வந்து தங்கிய சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் 1981-இல் லாஃப்டி என்ற உழுபவர் நில விடுதலை அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்தை விற்க விரும்பும் மிராசுதாரோடு விலை பேசினார்கள், வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள், நிலமற்ற குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்ற கணக்கில் பெண்கள் பெயரிலேயே பத்திரம் பதிய வைத்தார்கள். பின்னர் குடிசைகளை மாற்றிக் கல்வீடு கட்டும் வேலையிலும் இறங்கினார்கள். விற்பவரும் நம்புகிற, வாங்குபவரும் நம்புகிற, வங்கியும் நம்புகிற ஒருவர் நடுவில் நின்றதால்தான் அது முடிந்தது. இன்றைய வீட்டுத் திட்டங்களில் அந்த நடுவர் இடம் காலியாகக் கிடக்கிறது. பல ஊர்களில் அதை இடைத்தரகர் பிடித்துக்கொள்கிறார்.

இரண்டாவது சான்று ஆழிப்பேரலைக்குப் பிந்தைய கட்டுமானம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தமிழக அரசு, நிலத்தை நாங்கள் தருகிறோம், வீட்டைத் தொண்டு நிறுவனங்கள் கட்டித் தரட்டும் என்று ஒரு கூட்டு முறையை அறிவித்தது. வீடு ஏறத்தாழ 325 சதுர அடி, மதிப்பீடு 1.5 லட்சம் ரூபாய், உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும். நாகப்பட்டினம் கடற்கரையில் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படித்தான் எழுந்தன. ஆனால் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி எழவில்லை. தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டிய வீடுகளுக்கு, கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ், குடும்பங்களோடு உட்கார்ந்து பேசித் திட்டம் வரைந்தார். வேறு பல இடங்களில், கட்டி முடித்த பிறகே குடும்பத்துக்கு வீடு காட்டப்பட்டது. அடுப்பு எந்தப் பக்கம், வலை வைக்க இடம் எங்கே, வெயிலுக்கு ஒதுங்கத் திண்ணை உண்டா என்று அதில் வாழப்போகும் பெண்ணை யாரும் கேட்கவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடலை நம்பாமல் வயற்கூலியை நம்பியிருந்த தலித் குடும்பங்கள் அந்த நிவாரணத்தில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். ஊராட்சியோ மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தோ தொண்டு நிறுவனமோ, யார் கையில் பட்டியல் இருக்கிறது என்பதை ஒட்டித்தான் யாருக்கு வீடு என்பதும் முடிவாகிறது.

இனி மண்ணுக்கு வருகிறேன். டெல்டாவில் ஊர்தோறும் கோயிலுக்கோ மடத்துக்கோ நிலம் உண்டு. அந்த நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு அடிமனை வாடகை செலுத்தி வரும் குடும்பங்களும் ஏராளம். கோயில் சொத்து சுவாமியின் சொத்து, அதைக் கூறுபோட்டுக் கொடுக்கக் கூடாது என்ற கொள்கையை, கோயிலுக்குப் போகிறவன் என்ற முறையில் நானும் ஏற்கிறேன். நீதிமன்றங்களும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எனவே பட்டா கேட்டுப் போராடுவது மட்டுமே வழி என்றால், அந்தக் குடும்பங்கள் இன்னும் இரண்டு தலைமுறை காத்திருக்க நேரிடும். தேர் வீதியில் கடையும் விடுதியும் நடத்துகிறவரையும், ஒன்றரைக் குழியில் குடிசை போட்ட கூலித் தொழிலாளியையும் ஒரே தராசில் நிறுத்தி வாடகை உயர்த்துவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. மண் கோயிலிடமே இருக்கட்டும். அதன்மேல் இருக்கும் வீடு குடும்பத்தின் உரிமையாக, நீண்டகாலக் குத்தகையில் எழுதப்படட்டும். அமெரிக்காவில் சமூக நில அறக்கட்டளை என்று நடப்பது இதுதான். மண் அறக்கட்டளையிடம் இருக்கும், வீடு குடும்பத்துக்குச் சொந்தம், குத்தகை பெரும்பாலும் 99 ஆண்டு. வீட்டை விற்க நேர்ந்தால் விலைக்கு வரம்பு உண்டு, ஆகவே அடுத்து வரும் ஏழைக் குடும்பமும் வாங்க முடியும். இதில் முதலாவது 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. சம உரிமைப் போராட்டத்தில் சேர்ந்ததற்காகக் கறுப்பின விவசாயிகள் வெள்ளை நிலக்கிழார்களின் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டதே அதற்குத் தூண்டுதல். அதைத் தொடங்கியவர்கள் பாடம் கற்ற இடங்களில் ஒன்று, ஊர் நிலத்தை ஊருக்கே பொதுவாக்கும் நம் வினோபா பாவேயின் கிராமதான இயக்கம். தமிழ்நாட்டில் அதை முன்னின்று நடத்தியவர் இதே ஜெகந்நாதன். வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் 1984-இல் நகராட்சியே விதைப்பணம் கொடுத்து இப்படி ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியது, அது இன்றும் நடக்கிறது. நம்மிடமிருந்து போன சிந்தனையை நாம் திரும்ப எடுத்துக்கொள்வதில் கூச்சம் என்ன?

இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை, நிறுவனத்துக்கு நன்மை என்று கருதி ஆணையர் அனுமதித்தால் செல்லும் என்கிறது. ஆகக் கதவு அடைபட்டிருக்கவில்லை. தவணை தவறாமல் வரும் நியாயமான அடிமனை வாடகை கோயிலுக்கு நன்மைதான். ஊர்க் கூட்டமைப்பு ஒன்று அதை வசூலித்துக் கட்டும் பொறுப்பை ஏற்றால் அந்த நன்மையைக் காட்டுவதும் எளிது. வீட்டுத் திட்ட விதிகளில் பட்டாவுக்கு ஈடாக அந்தக் குத்தகைப் பத்திரத்தையும் ஏற்கலாம் என்று அரசு ஒரு வரி சேர்த்தால் போதும்.

மண் கிடைத்தவர்களுக்கும் தொல்லை முடிவதில்லை. வீட்டுத் திட்டத்தின் பில் தொகை அஸ்திவாரம், ஜன்னல் மட்டம், கூரை என்று படிப்படியாகத்தான் வரும். முதல் படியை எட்டும் பணத்தைக் குடும்பம் முன்கூட்டியே போட வேண்டும். கம்பியும் ஜல்லியும் சில்லறை விலைக்கு வாங்கி, கந்து வட்டிக்குக் கடன்பட்டு, ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோன சுவர்களை எல்லா ஒன்றியங்களிலும் பார்க்கலாம். இங்கே மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு கை கொடுக்க முடியும். இருபது வீட்டுக்குச் சேர்த்து மொத்தமாகப் பொருள் வாங்கலாம், வங்கியிடம் முன்பணக் கடன் பெற்றுப் பில் வந்ததும் அடைக்கலாம்.

நகரத்தில் கூரையே இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனை வாசலிலும், பேருந்து நிலையத்திலும், வேளாங்கண்ணியிலும், கும்பகோணத்துக் கோயில் மண்டபங்களிலும் படுத்திருப்பவர்களில் பிள்ளைகள் விட்டுப்போன முதியவர்கள் உண்டு, மனநலம் குன்றியவர்கள் உண்டு, ஊரில் மனை இல்லாமல் வேலை தேடி வந்தவர்களும் உண்டு. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், இரவு பகல் முழுவதும் திறந்திருக்க வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி என்பவை எழுதிவைக்கப்பட்ட விதிகள். 2011 கணக்கெடுப்பிலேயே 2.2 லட்சம் பேர் இருந்த தஞ்சாவூருக்கு அந்தக் கணக்கில் குறைந்தது இரண்டு வேண்டும். காப்பகத்தைத் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு நகராட்சி கைகழுவக் கூடாது. மனநல மருத்துவர், முதியோர் ஓய்வூதியத்துக்கு மனு எழுதித் தருபவர், ஊரில் உறவினரைத் தேடிப் பேசுபவர் ஆகிய மூவரும் வாரம் ஒருமுறையாவது அங்கே வந்தால்தான், உள்ளே வந்தவர் ஒருநாள் வெளியே வேறொரு வீட்டுக்குப் போக முடியும்.

அடுத்த கிராம சபைக்கு முன்பாக எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். பட்டா இல்லாத ஒவ்வொரு குடும்பத்தின் பெயர், குடியிருக்கும் சர்வே எண், அந்த மண் வருவாய்த் துறையுடையதா, பொதுப்பணித் துறையுடையதா, கோயிலுடையதா என்ற விவரம், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்பதற்கான தாள், இவை நான்கும் அதில் இருக்கும். குடும்பத்துப் பெண்ணின் பெயரையே முதலில் எழுதுகிறோம். தீர்மானப் புத்தகத்தில் அது அப்படியே ஏற்றப்பட வேண்டும் என்று கேட்கப் போகிறோம். உங்கள் ஊராட்சியிலும் செய்யுங்கள். அடிமனை ரசீது வைத்திருப்பவர்கள், எவ்வளவு பழையதாக இருந்தாலும் தூக்கி எறியாமல் நகல் எடுத்து வையுங்கள். சர்வே எண் பார்க்கத் தெரியாதவர்கள் எழுதுங்கள், எப்படி என்று சொல்லித் தருகிறோம்.