கழுத்தைத் தடவினால் மறதிநோய் தீராது
“வர்ஜீனியா பல்கலைக்கழக விஞ்ஞானி ஜோனதன் கிப்னிஸ் மூளையின் கழிவுக் குழாயைக் கண்டுபிடித்தார், கழுத்தை அழுத்தித் தடவினால் அல்சைமர் குணமாகும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதியில் பாதி உண்மை. இரண்டாம் பாதி தவறு.

2015-ல் கிப்னிஸின் ஆய்வகம் நிணநாளங்களை (கழிவுத் திரவத்தை வடிக்கும் மெல்லிய குழாய்களை) கண்டது சுண்டெலிகளில். அதுவும் மூளைக்குள் அல்ல, அதன் வெளி உறையில். வழக்கமாக உறையை உரித்தெடுத்த பிறகே பதப்படுத்துவார்கள். அதில் மெல்லிய நாளங்கள் சிதைந்துவிடும். கிப்னிஸின் ஆய்வகத்தைச் சேர்ந்த அந்தோவான் லூவோ, உறை மண்டையோட்டோடு ஒட்டியிருக்கும்போதே அதைப் பதப்படுத்திப் பிறகு பிரித்தார். அழகான வேலை, அதை மறைக்கக் கூடாது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் காரி அலிடாலோ என்ற விஞ்ஞானியின் குழுவும் அதே ஆண்டு இந்த நாளங்களைக் காட்டியது. இத்தாலிய உடற்கூறியலாளர் மஸ்காஞி 1787-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதரில் எம்ஆர்ஐ சான்று வந்தது 2017-ல்.

2018-ல் முதிய சுண்டெலிகளில் விஈஜிஎஃப்-சி என்ற வளர்ச்சிப் புரதத்தால் வடிகால் மேம்பட்டது, கற்கும் திறனும் கூடியது. அது மனிதருக்கான சிகிச்சை அல்ல.

இந்த நாளங்கள் வடிவது கழுத்தின் ஆழ்ந்த நிணமுடிச்சுகளுக்கு. பக்கத்திலேயே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. அங்கே அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். தமனியில் கொழுப்புப் படிவு இருந்தால் அது பெயர்ந்து பக்கவாதம் வரலாம். முதியவர்களிடம் இதைச் செய்து பார்க்காதீர்கள்.