318 பக்கங்கள், வாசல் மட்டும் இல்லை

ஒரு நிரலகத்தோடு (லைப்ரரி) வந்த ஆவணம்: 318 எச்டிஎம்எல் கோப்புகள். எல்லாம் ஒரே கோப்புறையில் கொட்டிக் கிடக்கின்றன. நுழைவுப் பக்கமான இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் மட்டும் அதில் இல்லை.

போன வாரம் வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் அறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இணையம் கிடையாது. கைபேசியையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நிரலகத்தின் ஒரு செயற்கூறுக்குக் (ஃபங்ஷன்) காலவரம்பை விநாடியில் தர வேண்டுமா, மில்லிவிநாடியில் தர வேண்டுமா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அதற்காக ஒரு முற்பகல் முழுவதும் பாழாய்ப் போனது. 'குரூப்__ஐஓ__ஸ்ட்ரீம்' என்று ஒரு கோப்பு, 'கிளாஸ்_பஃபர்_ரீடர்' என்று ஒரு கோப்பு. எதைத் திறந்தாலும் பாதிக் கதையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பக்கத்தின் உச்சியில் 'முகப்பு' என்று ஓர் இணைப்பு இருந்தது. அழுத்தினேன். கோப்பு இல்லை என்றது உலாவி. நிரலகத்தையும் ஆவணத்தையும் நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டித் தரும் தொகுப்பை (பேக்கேஜ்) உருவாக்கியவர் அனுப்புவதற்கு முன் அதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்திருக்கக் கூடாதா?

ஆவணத்தை எங்கே வைப்பது என்பதற்கு வழக்கமே இல்லை என்றால்கூட மனம் ஆறும். இருக்கிறதே! டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் ஒவ்வொரு தொகுப்பின் ஆவணத்துக்கும் /யுஎஸ்ஆர்/ஷேர்/டாக் என்பதற்குள் அந்தத் தொகுப்பின் பெயரிலேயே இடம் உண்டு. எச்டிஎம்எல் பக்கங்களை அதற்குள் 'எச்டிஎம்எல்' என்ற உட்கோப்புறையில் வைப்பது பலரும் கடைப்பிடிக்கும் பழக்கம். நுழைவுப் பக்கம் எது என்று டாக்-பேஸ் என்ற ஆவணப் பதிவேட்டில் பதிந்துவிட்டால் ஆவணப் பட்டியலிலும் வந்துவிடும். நிரல்களைக் கட்டமைக்க உதவும் க்னூ ஆட்டோகான்ஃபில், 2006-இல் வெளிவந்த 2.60 பதிப்பிலிருந்தே, எச்டிஎம்எல் எங்கே போக வேண்டும் என்று சொல்ல 'எச்டிஎம்எல்டிர்' என்ற தனி மாறி இருக்கிறது. பயன்படுத்தத்தான் ஆளில்லை. ஒருவர் பெயருக்குப் பின்னால் 'டாக்' என்று ஒட்டி இன்னொரு கோப்புறை திறக்கிறார். இன்னொருவர் டாக் பக்கமே போகாமல் தன் நிரலின் தரவுக் கோப்புறைக்குள் புதைத்து வைக்கிறார். தேடுபவன் என்ன, மந்திரவாதியா?

ஒழுங்காக இடத்தில் வைத்தவர்களும் திறந்து பார்ப்பதில்லை. டெபியனின் தொகுப்புக் கருவி, ஆவணக் கோப்புறையில் 4 கிலோபைட்டுக்கு மேற்பட்ட உரைக் கோப்புகளை ஜீஜிப்பாகச் சுருக்கிவிடும். எச்டிஎம்எல் கோப்புகளைத் தொடாது. நல்லதுதான். ஆனால் எச்டிஎம்எல் பக்கத்திலிருந்து ஓர் உரைக் கோப்புக்கு இணைப்பு இருந்தால்? கோப்பின் பெயர் மாறிவிடும், இணைப்பு பழைய பெயரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கேயும் சுவர்தான்.

எம்கேடாக்ஸ் என்ற ஆவணக் கருவியில் உருவாக்கிய ஆவணங்கள் இன்னொரு வேதனை. அதன் இயல்பு அமைப்பில் இணைப்புகள் கோப்பைச் சுட்டாமல் கோப்புறையைச் சுட்டும். இணையத்தில் இருக்கும்போது சர்வர் அதற்குள்ளிருந்து இண்டெக்ஸ் பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடும். வட்டிலிருந்து திறந்தால் அந்த உதவி கிடைக்காது. 'நிறுவும் முறை' என்பதை அழுத்துகிறேன். வெறும் கோப்புப் பட்டியல் வந்து நிற்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் தீர்ந்துவிடும் தொல்லை இது. அந்த ஒரு வரியை எழுதக்கூட மனம் வரவில்லை. கணிதச் சமன்பாடுகளை வரையும் மேத்ஜாக்ஸை வெளியிலிருந்து இழுக்கும் பக்கங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இணையம் இல்லாவிட்டால் சமன்பாடு இருக்க வேண்டிய இடத்தில் பின்சாய்வுக் கோடுகளும் அடைப்புக்குறிகளும்தான் தெரியும்.

இதையெல்லாம் சொன்னால், "இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்கிறார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. இணையத்தில் இருப்பது பெரும்பாலும் புதிய பதிப்பின் ஆவணம். அந்த அறையில் ஓடுவது மூன்று ஆண்டு பழைய பதிப்பு. நிறுவிய பதிப்போடு அதே பதிப்பின் ஆவணமும் கூடவே வரட்டும் என்பதற்காகத்தானே அதைத் தொகுப்புக்குள் வைக்கிறோம்?

திருத்த முடியாத ஒன்றும் இல்லை. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வழங்கலில் முன்பு ஆவணக் கோப்புறையின் பெயரிலேயே பதிப்பெண்ணும் இருக்கும். தொகுப்பைப் புதுப்பிக்கும்போதெல்லாம் குறித்துவைத்த முகவரி செத்துப்போகும். 2013-இல் ஃபெடோரா 20 வந்தபோது அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். எத்தனையோ தொகுப்புகளைத் தொட வேண்டிய வேலை அது, செய்து முடித்தார்கள். என் தொகுப்புக்காரர் செய்ய வேண்டியிருந்தது இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஆவணத்தை வட்டிலிருந்து திறந்து, நான்கு இணைப்புகளை அழுத்திப் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை.

விடை கடைசியில் கிடைத்தது, அந்த 318 பக்கங்களில் அல்ல. வெறுத்துப்போய், நிரலகத்தின் செயற்கூறுகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்பைத் (ஹெடர்) திறந்தேன். செயற்கூறின் பெயருக்கு மேலேயே குறிப்பு இருந்தது: மில்லிவிநாடி. அந்தக் குறிப்புகளிலிருந்துதான் டாக்ஸிஜன் என்ற ஆவணக் கருவி அத்தனை பக்கங்களையும் உருவாக்கியிருந்தது.